வாக்குப்பெட்டி வழியாக வரும் நீதிபதி



நம் கூட்டங்களில் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வியை இன்றைய நினைவுச் சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். ஊராட்சித் தலைவருக்கு ஓட்டுப் போடுகிறோம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஓட்டுப் போடுகிறோம். நம் நிலத்தைப் பற்றியும் உயிரைப் பற்றியும் கடைசி வார்த்தை சொல்கிற நீதிபதியை மட்டும், நாம் பார்க்க முடியாத ஒரு அறையில் உட்கார்ந்து நாலைந்து பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். அவரையும் மக்களே தேர்ந்தெடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஏறக்குறைய 190 ஆண்டுகளாக நீதிபதிகளைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்துப் பார்த்திருக்கும் ஒரு நாடு இருக்கிறது. அங்கேயும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் கறுப்பின மக்களுக்கு இந்தத் தேர்தல் என்ன கொடுத்தது, என்ன பறித்தது என்று பார்த்தால் நம் கேள்விக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

முறைகள்

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்காவில் ஒன்றிய அரசின் நீதிமன்றங்கள் தனி, மாநில நீதிமன்றங்கள் தனி. ஒன்றிய நீதிபதிகளை ஜனாதிபதி முன்மொழிகிறார், செனட் ஒப்புதல் தருகிறது. அவர்கள் ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். செய்திகளில் நாம் படிக்கும் நீதிபதிகள் பெரும்பாலும் இவர்களே. ஆனால் கொலை, திருட்டு, வீட்டு வாடகை, மணமுறிவு, தொழிலாளி இழப்பீடு என்று சாதாரண மனிதர்கள் மாட்டிக்கொள்ளும் வழக்குகளில் 100க்கு 90க்கு மேல் மாநில நீதிமன்றங்களில்தான் நடக்கின்றன. அந்த நீதிபதிகள்தான் தேர்தலைச் சந்திக்கிறார்கள். 50 மாநிலங்களில் 38ல், மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஏதோ ஒரு கட்டத்தில் மக்களின் வாக்கைச் சந்திக்க வேண்டும்.

எல்லா மாநிலங்களிலும் ஒரே முறை இல்லை. டெக்சாஸ், அலபாமா போன்ற இடங்களில் நீதிபதி வேட்பாளர் கட்சியின் பெயரோடு நிற்கிறார். 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி நிற்க வேண்டும். விஸ்கான்சின், மிசிசிப்பி போன்ற இடங்களில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். தென் கரோலைனாவிலும் வர்ஜீனியாவிலும் சட்டமன்றம் கூடி நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறது.

நான்காவது முறை ஒன்று உண்டு. 1934ல் கலிபோர்னியாவிலும், 1940ல் வேறொரு வடிவில் மிசோரியிலும் வந்தது. மிசோரி முறையில் ஒரு குழு தகுதியானவர்களின் பட்டியலைத் தயாரிக்கும். ஆளுநர் அதிலிருந்து ஒருவரை நியமிப்பார். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் போல மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நியமிக்கப்பட்ட நீதிபதி சில காலம் கழித்து மக்கள் முன் நிற்பார். எதிர்த்து வேட்பாளர் கிடையாது. இவர் பதவியில் நீடிக்கலாமா என்று ஒரே கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஓட்டு. இதை நீட்டிப்பு வாக்கெடுப்பு என்று சொல்லலாம்.

ஆக, தேர்தல் என்று ஒரே சொல்லில் பேசினாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நீதிபதி எப்படி உள்ளே வருகிறார்? வந்தவர் எப்படி உள்ளே நீடிக்கிறார்? இன்று நான் சொல்ல வந்தது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான்.

யார் அந்த மக்கள்?

தன் எல்லா நீதிபதிகளையும் மக்கள் வாக்கால் தேர்ந்தெடுப்போம் என்று முதலில் அரசியலமைப்பில் எழுதிய மாநிலம் எது தெரியுமா? மிசிசிப்பி, 1832. சாமானியர்களின் ஆட்சி என்ற முழக்கம் எங்கும் ஒலித்த காலம் அது. அப்போது அந்த மாநிலத்தில் வாழ்ந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அடிமைகள். அவர்களுக்கு ஓட்டு இல்லை. வெள்ளைப் பெண்களுக்கும் இல்லை. அடிமை உரிமையாளரும் அவருடைய அண்டை வீட்டாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த நீதிபதி, அடிமையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னார். மக்கள் தேர்ந்தெடுத்த நீதிபதி என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

அதே முறை வேறொரு இடத்தில் வேறு விதமாக வேலை செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று 1850ல் ஒன்றிய அரசு ஒரு சட்டம் போட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் மக்கள் திரண்டு ஒரு தப்பிய அடிமையைச் சிறையிலிருந்து மீட்டார்கள். அந்தச் சட்டம் செல்லாது என்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. தேர்தலில் வந்த நீதிபதிகள்தான் இவர்கள். மீட்பில் ஈடுபட்டுக் கைதானவருக்காக வாதாடிய பைரன் பெய்ன் என்ற வழக்கறிஞர், 1859ல் அதே நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். அடிமை முறை எதிர்ப்பு வலுவாக இருந்த மாநிலத்தில் அந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை போனது. வாக்காளர்கள் எப்படியோ, அவர்கள் தேர்ந்தெடுக்கும் நீதிமன்றமும் அப்படி.

கறுப்பின மக்கள் ஓட்டுப் போட ஆரம்பித்ததும் என்ன நடந்தது? உள்நாட்டுப் போருக்குப் பின் தென் கரோலைனாவின் சட்டமன்றக் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை ஆனார்கள். 1870ல் அந்தச் சட்டமன்றம் ஜொனதன் ஜாஸ்பர் ரைட் என்பவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் ஒரு மாநில உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பின நீதிபதி அவர். 1877ல் வெள்ளையர் ஆட்சி திரும்பியது. நெருக்கடி கொடுத்து அவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அடுத்த கறுப்பின நீதிபதி எர்னஸ்ட் ஃபின்னி உட்கார்ந்தது 1985ல். இடையில் 108 ஆண்டுகள். சட்டமன்றம் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை இரண்டு முறையும் அதேதான். ஓட்டுப் பறிக்கப்பட்டபோது நாற்காலியும் போனது. ஓட்டுத் திரும்பி வந்து இருபது ஆண்டுகள் கழித்து நாற்காலி திரும்பி வந்தது.

எல்லைக்கோடு

ஓட்டு இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு லூசியானா சாட்சி.

அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் 7 நீதிபதிகள். மாநிலத்தை 6 தொகுதிகளாகப் பிரித்திருந்தார்கள். ஐந்து தொகுதிகளுக்குத் தலா ஒரு நீதிபதி. நியூ ஆர்லியன்ஸ் நகரம் இருந்த முதல் தொகுதிக்கு மட்டும் இரண்டு நீதிபதிகள். நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினப் பெரும்பான்மை நகரம். அதோடு வெள்ளையர் பெரும்பான்மையாக வாழ்ந்த மூன்று அண்டை வட்டாரங்களைச் சேர்த்து ஒரே தொகுதி ஆக்கியிருந்தார்கள். நான்கு வட்டாரமும் சேர்ந்து ஓட்டுப் போட்டு இரண்டு பேரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்த்துப் பார்த்தால் வெள்ளையர் பெரும்பான்மை. நகரத்தைத் தனியே பிரித்து ஒரு நீதிபதியைக் கொடுத்திருந்தால் கறுப்பின மக்கள் விரும்பியவர் வந்திருப்பார். சேர்த்ததால் ஒருவரும் வரவில்லை.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு 1932 செப்டம்பர் நினைவுக்கு வரும். தனித் தொகுதியில் நம் பிரதிநிதியை நாம் தேர்ந்தெடுப்பது ஒன்று. பொதுத் தொகுதியில் நம் பெயரில் நிற்பவரை மற்றவர்கள் தேர்ந்தெடுப்பது வேறொன்று. பூனா ஒப்பந்தத்துக்குப் பின் பாபாசாகேப் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த வேறுபாடு இது. நியூ ஆர்லியன்ஸ் மக்களுக்கும் அனுபவம் இதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

ரொனால்ட் சிசம் என்பவரும் மற்றவர்களும் 1986ல் வழக்குப் போட்டார்கள். சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் குறைக்கக் கூடாது என்று வாக்குரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் நீதிபதித் தேர்தலுக்கும் பொருந்தும் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தரப்பின் வாதம் சுவையானது: நீதிபதி யாருக்கும் பிரதிநிதி இல்லை, அவர் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர், ஆகவே சட்டத்திலுள்ள பிரதிநிதி என்ற சொல் அவரைக் குறிக்காது. கீழ் நீதிமன்றங்கள் இந்த வாதத்தை ஏற்றன. 1991ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் மறுத்தது. நீதிபதியைத் தேர்தல் மூலம் கொண்டுவருவது என்று மாநிலம் முடிவு செய்துவிட்டால், அந்தத் தேர்தல் வாக்குரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்றது. சிசம் எதிர் ரோமர் என்ற அந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

பின் ஒரு சமரசம் ஏற்பட்டு, நியூ ஆர்லியன்ஸுக்கு ஒரு கூடுதல் இடம் கிடைத்தது. 1992ல் ரெவியஸ் ஒர்டிக் அந்த நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின நீதிபதி ஆனார். 1994ல் பெர்னெட் ஜோஷ்வா ஜான்சன் வந்தார். 2012ல் பணிமூப்பின்படி அவர் தலைமை நீதிபதி ஆகும் முறை வந்தபோது, அந்தக் கூடுதல் இடத்தில் அவர் இருந்த ஆண்டுகள் கணக்கில் சேராது என்று ஒரு பேச்சு எழுந்தது. இடம் கொடுத்த பிறகும் அது இரண்டாந்தர இடம் என்ற நினைப்பு போகவில்லை. அவர் மறுபடி நீதிமன்றத்துக்குப் போய் வென்று, 2013ல் லூசியானாவின் முதல் கறுப்பினத் தலைமை நீதிபதி ஆனார்.

ஒரு நாற்காலியால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2020ல் அந்த நீதிமன்றத்துக்கு ஒரு மனு வந்தது. செடி வெட்டும் கத்தரி ஒன்றைத் திருட முயன்றதற்காக ஒரு கறுப்பினத்தவருக்கு 1997ல் தண்டனை. முந்தைய குற்றங்கள் இருந்ததால் ஆயுள் சிறை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். மனுவை எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள் மற்ற நீதிபதிகள். ஜான்சன் ஒருவர் மட்டும் எதிர்த்து எழுதினார். அடிமை முறை ஒழிந்ததும் தென் மாநிலங்கள் பன்றிச் சட்டங்கள் என்று அழைக்கப்பட்டவற்றைக் கொண்டுவந்தன. ஒரு பன்றியைத் திருடினால்கூட நீண்ட சிறை. சிறையில் போட்டபின் கூலியில்லா உழைப்பு. இன்றைய பழக்கக் குற்றவாளிச் சட்டம் அந்தப் பன்றிச் சட்டங்களின் புதிய உருவம் என்று அவர் எழுதினார். அவர் தோற்றார். ஆனால் அந்த மறுப்புத் தீர்ப்பை நாடே படித்தது. சில வாரங்களில் அந்த மனிதர் பரோலில் வெளியே வந்தார். தன் மக்களின் வரலாறு தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இருந்ததால் அந்த வரலாறு தீர்ப்பு ஏட்டில் ஏறியது.

வெளியே தள்ளும் கை

இதுவரை சொன்னது உள்ளே வருவதைப் பற்றி. இனி நீடிப்பதைப் பற்றி.

அதே விஸ்கான்சின். லூயிஸ் பட்லர் என்ற கறுப்பின வழக்கறிஞர், வசதியில்லாத குற்றவாளிகளுக்காக அரசு செலவில் வாதாடியவர். பிறகு நீதிபதி ஆனார். 2004ல் ஆளுநர் அவரை மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். அங்கே முதல் கறுப்பின நீதிபதி. 2005ல் அவர் ஒரு முக்கியமான தீர்ப்பை எழுதினார். வீட்டுச் சுவர்ப் பெயிண்டில் இருந்த ஈயம் உடலில் ஏறிப் பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கு அது. எந்தக் கம்பெனியின் ஈயம் என்று அவனால் நிரூபிக்க முடியாது; சுவரில் பல அடுக்குப் பெயிண்ட். அப்படியானாலும் அந்தப் பொருளைத் தயாரித்த கம்பெனிகள்மீது அவன் வழக்குத் தொடரலாம் என்றது தீர்ப்பு.

2008ல் பட்லர் தேர்தலைச் சந்திக்க வேண்டி வந்தது. தொழிலதிபர்களின் அமைப்பு அவருக்கு எதிராகப் பெரும்பணம் செலவழித்தது. தொலைக்காட்சியில் பெயிண்டைப் பற்றியா பேசினார்கள்? குற்றவாளிகளைப் பற்றிப் பேசினார்கள். எதிர் வேட்பாளர் மைக்கேல் கேபிள்மனின் பிரசாரம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. குழந்தையைப் பாலியல் வன்முறை செய்த ஒரு கறுப்பினக் குற்றவாளியின் முகமும் பட்லரின் முகமும் அடுத்தடுத்து. பட்லர் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்தார், அந்த ஆள் மறுபடி ஒரு குழந்தையைக் கெடுத்தான் என்பது செய்தி. உண்மையில் பட்லர் வழக்கறிஞராக அந்த மேல்முறையீட்டில் தோற்றவர். குற்றவாளி தண்டனையை அனுபவித்து வெளியே வந்த பிறகுதான் அடுத்த குற்றம் நடந்தது.

பட்லர் தோற்றார். 41 ஆண்டுகளில் பதவியில் இருக்கும்போதே தோற்ற முதல் நீதிபதி அவர். அந்த விளம்பரம் பற்றிய ஒழுங்கு நடவடிக்கை அதே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மற்ற நீதிபதிகள் 3க்கு 3 என்று பிரிந்தார்கள். நடவடிக்கை அதோடு நின்றது. 1859ல் அடிமைக்காக நின்ற வழக்கறிஞரை உள்ளே அனுப்பிய அதே வாக்குப்பெட்டி, 2008ல் ஏழைகளுக்காக வாதாடியதையே குற்றமாக்கி ஒருவரை வெளியே அனுப்பியது.

இதில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பணம் ஒரு காரணத்துக்காக வருகிறது. விளம்பரம் வேறொரு பயத்தைப் பேசுகிறது. மேற்கு வர்ஜீனியாவில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. மாஸி என்ற நிலக்கரிக் கம்பெனி ஒரு சிறு சுரங்க உரிமையாளருக்கு 5 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று 2002ல் தீர்ப்பு. மேல்முறையீடு மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போக இருந்த நேரத்தில், 2004ல் அந்த நீதிமன்றத்துக்குத் தேர்தல் வந்தது. கம்பெனித் தலைவர் டான் பிளாங்கென்ஷிப், பதவியில் இருந்த நீதிபதி வாரன் மெக்ராவைத் தோற்கடிக்க 30 லட்சம் டாலர் செலவழித்தார். விளம்பரத்தில் நிலக்கரி என்ற சொல்லே இல்லை. குழந்தைகளைக் கெடுத்த ஒருவனை மெக்ரா வெளியே விட்டார் என்பதுதான் பிரசாரம். வென்ற நீதிபதி பிரென்ட் பெஞ்சமின், வழக்கிலிருந்து விலக மறுத்தார். இழப்பீடு 3க்கு 2 என்று ரத்தானது. அந்த மூன்றில் ஒன்று அவருடைய வாக்கு. 2009ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்று 5க்கு 4 என்ற கணக்கில்தான் சொன்னது. நான்கு பேருக்கு அதில் தவறே தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அதே மாஸியின் சுரங்கம் ஒன்று வெடித்து 29 தொழிலாளர்கள் செத்தார்கள்.

தொகை இப்போது எங்கேயோ போய்விட்டது. 2025ல் விஸ்கான்சினில் ஒரே ஒரு நீதிபதி நாற்காலிக்கான தேர்தலில் இரண்டு தரப்பும் சேர்த்துச் சுமார் 10 கோடி டாலர் செலவானது. ஈலான் மஸ்க்கும் அவர் சார்ந்த குழுக்களும் மட்டும் 2 கோடிக்கு மேல். மஸ்க் ஆதரித்தவர் தோற்றார். சூசன் கிராஃபோர்ட் வென்றார். மகிழ்ச்சிதான். ஆனால் வென்றவர் பக்கமும் கோடீஸ்வரர்கள் இருந்தார்கள். பணக்காரர்களில் யார் தோற்றார்கள் என்று எண்ணிப் பார்ப்பதா மக்களின் வேலை?

எதிரி வேட்பாளரே இல்லாத நீட்டிப்பு வாக்கெடுப்பு இதற்கு மருந்தாக இருந்ததா? 1986ல் கலிபோர்னியாவில் மூன்று நீதிபதிகளை மக்கள் வெளியேற்றினார்கள். மரண தண்டனைகளை ரத்து செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவர்களில் ரோஸ் பேர்ட் அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி. குரூஸ் ரெய்னோசோ விவசாயக் கூலிகளின் மகன்; அங்கே முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளி நீதிபதி. 2010ல் அயோவாவில் இன்னும் மூன்று பேர். ஒருபால் இணையர் மணம் செய்துகொள்ளலாம் என்று 2009ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது அவர்கள் செய்த தவறு. எண்ணிக்கையில் சிறியவர்களின் உரிமை, பெரும்பான்மையின் ஆம் இல்லை என்ற ஓட்டில் தொங்கியது.

வெளியேற்றப்பட்டவர்கள் சிலர்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற நீதிபதிகள் பலர். அலபாமாவில் 2017 வரை ஒரு சட்டம் இருந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்று பரிந்துரைத்தாலும், நீதிபதி அதை மீறி மரண தண்டனை கொடுக்கலாம். கட்சிப் பெயரில் தேர்தலில் நின்று வரும் நீதிபதிகள். அவர்கள் அந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். தேர்தல் நெருக்கடிக்குப் பணிந்துதான் இப்படிச் செய்கிறார்கள் என்று தோன்றுகிறது என 2013ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதினார். தூக்குமேடையில் நிற்பவனுக்கு ஓட்டு இல்லை. அவனைத் தூக்கில் போடச் சொல்லும் கூட்டத்துக்கு ஓட்டு இருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்

அப்படியானால் தேர்தலே தீங்கு என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். டெக்சாஸில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுன்டியைப் பாருங்கள். சிறு குற்றத்துக்குக் கைதானவர்கள் ஜாமீன் பணம் கட்ட முடியாததால் சிறையில் கிடந்தார்கள். செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியதற்காகக் கைதான ஓர் இளம் தாயிடம் 2,500 டாலர் கேட்டார்கள். பணம் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் சிறை. இது அரசியலமைப்புக்கு எதிரானது என்று 2017ல் ஒன்றிய நீதிபதி ஒருவர் சொன்னார். அங்கிருந்த உள்ளூர் நீதிபதிகளில் பெரும்பாலோர் ஒத்துக்கொள்ளாமல் மேல்முறையீடு செய்துகொண்டிருந்தார்கள். 2018 தேர்தலில் அந்த நீதிபதிகள் போனார்கள். அதே தேர்தலில் 17 கறுப்பினப் பெண்கள் அந்தக் கவுன்டியில் நீதிபதிகளாக வென்றார்கள். புதிதாக வந்தவர்கள் மேல்முறையீட்டைக் கைவிட்டு, 2019ல் சமரசத்துக்கு ஒப்பி, பெரும்பாலான சிறு குற்றங்களுக்குப் பண ஜாமீனை நிறுத்தினார்கள். எந்த நியமனக் குழுவும் ஒரே நாளில் 17 கறுப்பினப் பெண்களை நீதிபதி ஆக்கியிருக்காது.

ஆனால் அந்த வாக்குச்சீட்டில் பல பத்து நீதிபதிப் பதவிகள் இருந்தன. பெயர்களைப் பார்க்காமல் கட்சியைப் பார்த்தே மக்கள் குத்தினார்கள். அலை மாறினால் அதே வழியில் இவர்களும் போகலாம். டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி வாலஸ் ஜெஃபர்சன். அவருடைய முப்பாட்டனுக்கு முந்தைய தலைமுறையில் ஒருவர், ஒரு நீதிபதியின் வீட்டில் அடிமையாக இருந்தவர். ஜெஃபர்சன் தேர்தலில் நின்று வென்றவர். அவரேதான், தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே, கட்சிப் பெயரில் நீதிபதித் தேர்தல் நடத்துவதை நிறுத்துங்கள் என்று சொன்னார்.

இன்னொரு மாநிலத்தையும் பார்ப்போம். மாசசூசெட்ஸில் நீதிபதியை ஆளுநர் முன்மொழிவார். மக்கள் தேர்ந்தெடுத்த 8 பேர் கொண்ட ஒரு மன்றம் பகிரங்கமாக விசாரித்து ஒப்புதல் தர வேண்டும். வந்த நீதிபதி 70 வயது வரை பதவியில் இருக்கலாம். மறு தேர்தல் கிடையாது. ஒருபால் மணத்தை முதலில் அனுமதித்தது இந்த மாநில நீதிமன்றம்தான், 2003ல். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி மார்கரெட் மார்ஷல். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, மாணவப் பருவத்தில் இனவெறி ஆட்சியை எதிர்த்தவர். அங்கேயும் கோபம் கிளம்பியது, ஊர்வலம் நடந்தது. நீதிபதிகள் நாற்காலியில் இருந்தார்கள். அயோவாவில் அதே தீர்ப்புக்கு மூன்று நாற்காலிகள் போயின.

இதிலிருந்து எனக்குத் தெரிவது இதுதான். நீதிபதி உள்ளே வரும் வாசலில் மக்கள் நிற்க வேண்டும். அதிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் கையை வைக்கும்படி அந்த வாசல் கட்டப்பட வேண்டும். சிசம் வழக்கு சொல்வது அதை. உள்ளே வந்தபின், எழுதிய தீர்ப்புக்காக அவரை வெளியே தள்ளும் கை யாரிடமும் இருக்கக் கூடாது. அது பெரும்பான்மையின் கையாக இருந்தாலும், கோடீஸ்வரர் கையாக இருந்தாலும், ஆட்சியாளர் கையாக இருந்தாலும் சரி. லஞ்சம், ஒழுக்கக்கேடு இவற்றுக்கு விசாரணை வேறு. தீர்ப்புக்குத் தண்டனை வேறு.

நம் வாசல்

நம் நாட்டில் நீதிபதித் தேர்தல் இல்லை. 1949 மே 24 அன்று அரசியலமைப்பு அவையில் பாபாசாகேப் இதைப் பற்றிப் பேசினார். நிர்வாகத்தின் கையில் மட்டும் நியமனத்தை விடுவதும் ஆபத்து. தலைமை நீதிபதி ஒப்பினால்தான் நியமனம் என்று வைப்பதும் ஆபத்து. அவரும் நம்மைப் போல் குறைகளும் விருப்பு வெறுப்பும் உள்ள மனிதரே என்பது அவர் சொன்ன காரணம். 1993ல் வந்த கொலீஜியம் முறை, அவர் எச்சரித்த இடத்துக்கே நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த தேசிய நியமன ஆணையத்தை 2015ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய அறையே தொடர்கிறது.

அந்த அறையிலிருந்து வந்த கணக்கைப் பாருங்கள். 2018க்குப் பின் உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் 100க்கு மூவர் அளவுதான் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் நம்மவர் ஒருவர், தமிழ்நாட்டின் ஏ. வரதராஜன், முதன்முதலாக உட்கார்ந்தது 1980ல். கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமை நீதிபதி ஆனது 2007ல், அடுத்து பி.ஆர். கவாய் 2025ல். கீழ் நீதிமன்றத்துக்கு அறிவிப்பு உண்டு, தேர்வு உண்டு, இடஒதுக்கீடு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

தேர்தல் வைத்தால் தீருமா என்ற இளைஞர்களின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஊர்த்தெருவும் சேரியும் ஒரே தொகுதியில் ஓட்டுப் போட்டு ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கட்டும். வன்கொடுமை வழக்கில் சாதி இந்துவுக்குத் தண்டனை கொடுத்தவர் அடுத்த தேர்தலில் அதே ஊரிடம் ஓட்டுக் கேட்டு வரட்டும். என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பட்லருக்கு நடந்தது நடக்கும்.

அதனால் தேர்தலைக் கேட்க வேண்டாம். தேர்தலின் உள்ளே இருக்கும் நல்ல பாதியைக் கேட்போம். உயர் நீதிமன்ற இடங்களுக்குப் பகிரங்க அறிவிப்பு வேண்டும். தகுதி விதிகள் அச்சில் வர வேண்டும். யார் பரிசீலிக்கப்பட்டார், யார் ஏன் தள்ளப்பட்டார் என்பது வெளியே தெரிய வேண்டும். தேர்ந்தெடுக்கும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் பெண்களுக்கும் சட்டப்படி இடம் வேண்டும். ஒருவரை அலங்காரத்துக்கு உட்கார வைத்து மற்றவர்கள் கையைத் தூக்கும் குழு வேண்டாம். லூசியானாவில் நகரத்தைச் சுற்றிப் போட்ட கோட்டைப் போல, குழுவின் எண்ணிக்கைக்குள்ளும் ஒரு கோடு ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க நாம் பழக வேண்டும்.

கூடவே நீதிபதியின் பயத்தையும் கேள்வி கேட்போம். நம் நீதிபதிக்குத் தேர்தல் பயம் இல்லை. ஆனால் இடமாற்றம் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் கிடைக்கக்கூடிய பதவி இருக்கிறது. அங்கே விளம்பரம் செய்யும் வேலையை இங்கே இவை சத்தமில்லாமல் செய்யும். காரணம் சொல்லாத இடமாற்றமும், ஓய்வு பெற்றவுடன் ஆட்சியாளர் தரும் பதவியும் நிற்க வேண்டும்.

சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் உயர் நீதிமன்றத்துக்குக் கடந்த 20 ஆண்டுகளில் வந்த நீதிபதிகளின் பட்டியலை எடுங்கள். எத்தனை பேர் நம் சமூகங்களிலிருந்து, எத்தனை பேர் பெண்கள், எத்தனை பேர் மாவட்ட நீதிமன்றத்திலிருந்து உயர்ந்தவர்கள் என்று எண்ணுங்கள். கிடைக்காத தகவலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் சேர்த்து வெளியிடுங்கள். நியூ ஆர்லியன்ஸ் மக்களும் தங்கள் தொகுதியில் எத்தனை பேர், எத்தனை நாற்காலி என்று எண்ணித்தான் நீதிமன்றப் படி ஏறினார்கள். கணக்கு நம் கையில் இருந்தால் அந்த அறையின் கதவை நாமும் தட்டலாம்.